மனச்சோர்வு: மாத்திரை மட்டுமா, மூளைப் பயிற்சியும் சேர்த்தா?

மனச்சோர்வு என்றதும் துயரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கவனம் நிலைக்காமை, படித்த பத்தி மனதில் தங்காமை, சிறு முடிவெடுக்கவும் திணறுதல் ஆகியவையும் அந்நோயின் கூறுகளே. நோயாளிகளை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தணிந்திருந்த காலத்திலும் ஏறத்தாழ 40 விழுக்காடு நேரம் இக்குறைகள் நீடித்தன. எனவே, மனநிலை தேறிய பிறகும் எஞ்சும் இந்த மந்தத்தை எது போக்குகிறது என்பதையே, மருந்து மட்டும், கவனத்தையும் நினைவையும் பழக்கும் கணினிவழி மூளைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து என்ற மூன்று வழிகளின் ஒப்பீட்டுக்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

மருந்து மட்டும் என்ற வழி எளிது. மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு அதன் சான்றுகளும் வலுவானவை. ஆயினும் மனச்சோர்வு சிகிச்சைகளைப் படிப்படியாகச் சோதித்த அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்தான சிட்டலோப்ராமால் முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளோ நினைவாற்றலையே சற்று மழுங்கடிக்கக் கூடியவை. புதிய மருந்தான வோர்டியோக்ஸெட்டின் கவனச் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தந்துள்ளது. அதுவும் பெரிய மாற்றமன்று.

பயிற்சி மட்டும் என்பதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். அடுத்தடுத்து ஒலிக்கும் எண்களில் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதோடு கூட்டிச் சொல்லும் பயிற்சி தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்துக் கையாளும் நினைவாற்றலைச் சோதிக்கிறது. ஆனால் பயிற்சித் திரையில் உயரும் மதிப்பெண் அலுவலக வேலையிலும் அப்படியே எதிரொலிக்கும் என்று சொல்ல முடியாது. எழுந்து உட்காரவே மனமில்லாதவர் அதைத் தொடர்வதும் அரிது.

இரண்டையும் சேர்ப்பதற்கான காரணத்தை அழகாகக் காட்டுவது 2011இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு. அச்சத்தோடு பிணைந்த ஒலியை எந்தத் தீங்கும் நேராமல் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது, இந்தப் பயிற்சி மட்டும் பெற்றவற்றின் அச்சம் தணிந்து பின்னர் மீண்டது. மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவோக்ஸெட்டின் மட்டும் பெற்றவற்றுக்குப் பயனில்லை. இரண்டையும் பெற்றவற்றில்தான் அது நிலையாக விலகியது. மருந்து நரம்பிணைப்புகளை மாற்றத்துக்கு இளக்கித் தருகிறது, எத்திசையில் மாறுவது என்பதை அனுபவமே தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து. ஆனால் சுண்டெலியின் அச்சம் மனிதரின் மனச்சோர்வு அன்று. மனிதர்களிடம் அறிவாற்றல் பயிற்சியைச் சோதித்த ஆய்வுகளில் பல சிறியவை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நாட்பட்ட மனச்சோர்வு குறித்து 2000இல் வெளியான ஆய்வில் மருந்து மட்டும், உளவியல் சிகிச்சை மட்டும் பெற்ற இரு பிரிவுகளிலும் 48 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்ற பிரிவில் 73 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். அங்கே மருந்தோடு சேர்ந்தது சிகிச்சையாளர் நேரில் நடத்திய உளவியல் சிகிச்சை. கணினிப் பயிற்சிக்கு அந்த எண்களை இரவல் வாங்க முடியாது.

ஆகவே நோய் கடுமையாக இருக்கும்போது மருந்தும் உளவியல் சிகிச்சையும் முன்னிற்க வேண்டும் என்பதும், மனநிலை தேறியும் கவனம் தேறாதவருக்கே பயிற்சியைச் சேர்ப்பது பொருத்தம் என்பதும் என் கணிப்பு. பயிற்சியில் மதிப்பெண் கூடுகிறது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. தேறிய பிறகும் குறைந்தது 6 மாதங்கள் அதைத் தொடருமாறே மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர்.