பொதுக் கவிதையா, பிள்ளையின் சொந்த வரியா?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 5 மதிப்பெண்ணுக்கு ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு வினா வரும். படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுத அருமையான வாய்ப்பு. ஆனால் பல வகுப்புகளில், எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற ஒரே கவிதையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நேரம் மிச்சம், மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

சொந்தமாக எழுதவிட்டால் பிழைகள் வரும், திருத்த நேரம் பிடிக்கும். ஆனால் மரம் நடும் படத்துக்கு, ‘நாளைக்குத் தண்ணி ஊத்த யாரு வருவா?’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அது படத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறது. பேச்சுவழக்கு என்று அந்த வரியை அடிக்க எனக்கு மனம் வராது. மனப்பாடக் கவிதைக்கோ படமே தேவையில்லை. என் தேர்வு சொந்த வரிதான். ஒன்பதாம் வகுப்பு வரையாவது அந்தப் பொதுக் கவிதையைக் கரும்பலகையில் எழுதிப் போடாதீர்கள்.