டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டிய தாள்: என் ஈசிஹெச்எஸ் அனுபவம்

2011-ல் ராணுவத்திலிருந்து ஹவில்தாராக டிஸ்சார்ஜ் ஆகி, புதுச்சேரிப் பக்கம் பாகூருக்குத் திரும்பினேன். 24 வருட சர்வீஸ். கடைசி வாரம் ஒரு ஹாலில் உட்கார வைத்து வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று ஈசிஹெச்எஸ்ஸுக்கு என்பது ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டம் அது. ஒரே ஒரு தடவை சந்தா கட்டினால் போதும், எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரஷருக்கும் சுகருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறேன், கைக்காசு செலவில்லை. திட்டத்தின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் காலையிலேயே போய் டோக்கன் போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கையிருப்பில் இல்லாத மருந்துக்கு என்.ஏ. (இருப்பில் இல்லை) என்று குறித்துத் தருவார்கள். அந்தக் குறிப்பை வைத்து வெளியே வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதை எனக்குச் சொன்னது டோக்கன் வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு ரிட்டயர்டு சுபேதார். அதற்குள் இரண்டு வருடம் கடையில் காசு கொடுத்தே வாங்கியிருந்தேன். பில்லெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது.

பெரிய அடி 2019-ல். பித்தப்பைக் கல், நடு இரவில் வீட்டுக்காரி துடித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அது திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனை. அவசரம் என்றால் அங்கேயும் சேரலாம், தப்பில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். எனக்கு அது தெரியாது. ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, ஒன்பதாம் நாள் பில் கட்டோடு போய் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் அட்மிஷன் தேதியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஐயா" என்றார். 85,000 ரூபாய். விளக்கக் கடிதமெல்லாம் எழுதிக் கொடுத்தும் பணம் தராமல் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2022-ல் எனக்கே நெஞ்சு வலி வந்தபோது பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே போனோம். ஆட்டோவில் ஏறும்போதே மகனிடம், "முதலில் ஈசிஹெச்எஸ் அட்டையை எடு, விடிந்ததும் பாலிகிளினிக்குக்குப் போன் போடு" என்றேன். வலியை விட அந்த 85,000தான் ஞாபகத்தில் இருந்தது போல! ஸ்டென்ட் வைத்தார்கள். பில் நேராகத் திட்டத்துக்கே போய்விட்டது. அவசரமில்லாத வைத்தியத்துக்கு மட்டும் பாலிகிளினிக்கில் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்காமல் போகாதீர்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்தால் பில் பணம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். அரசு வைத்திருக்கும் விகிதப்படிதான் தருவார்கள்.

அட்டையை விட முக்கியமானது ராணுவப் பதிவில் இருக்கும் பெயர். எங்கள் தெருவில் நாயக் பதவியில் ரிட்டயர்டான ஒருவர் இறந்துபோனார். அவர் சம்சாரத்தின் பெயர் ஆதாரில் விஜயலட்சுமி, படைவீரர் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் வெறும் லட்சுமி. கல்யாணமான புதிதில், குடும்ப விவரத்தைப் பதிவேற்றும் பார்ட் டூ ஆர்டர் போட்டபோது கிளார்க் எழுதியது அப்படி. குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர அந்த அம்மா அஃபிடவிட்டைத் தூக்கிக்கொண்டு பல மாதம் அலைந்தது. புதுச்சேரி முன்னாள் படைவீரர் நலத்துறை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அந்த மனிதர் இருந்தபோதே திருத்தியிருந்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும்.

அன்று ராத்திரியே என் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரியின் பிறந்த வருடம் தப்பு. திருத்த எட்டு மாதம் ஆனது. நமக்கு வேண்டியதைத் தேடி வந்து சொல்ல ஆளில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் இந்தத் திட்டத்தில் நான் கண்ட ஒரே பெரிய குறை.

என் கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் பெயரும் ஆர்மி நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நம்பர், பாலிகிளினிக் போன், 48 மணி நேரம், ஸ்பர்ஷில் உயிர்ச்சான்று நவம்பர் மாதம். வீட்டுக்காரி அதைப் படித்துவிட்டு, "ஏங்க, ஸ்பர்ஷுன்னா என்ன?" என்றாள். படைவீரர் ஓய்வூதியத்துக்கான இணையதளம் என்றேன். இந்த நவம்பரில் சான்று கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போகிறேன்.