வேலியா, மூடியா, அலாரமா? வீட்டு நீச்சல் குளத்துக்கு எது நல்ல காவல்

வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது, நடக்கப் பழகிய குழந்தையும் இருக்கிறது. பாதுகாப்புக்கு என்ன வாங்கலாம் என்று விசாரித்தால் வேலி, மூடி, அலாரம் என்று மூன்றைச் சொல்வார்கள். "நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமே" என்பவர்களும் உண்டு. இந்த நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: பெரியவர்கள் அசந்திருக்கும் நேரத்தில் இது வேலை செய்யுமா?

காரணம் இருக்கிறது. வீட்டுக் குளத்தில் சின்னக் குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் எல்லோரும் நீந்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அல்ல. குழந்தை உள்ளே விளையாடுகிறது என்று வீடே நம்பிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடக்கிறது. சத்தமும் கேட்காது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணம் மூச்சு இழுக்கவே போதாது, அதில் கத்துவது எப்படி? ஒரு நிமிடத்துக்குள் போராட்டம் அடங்கிவிடலாம். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான்.

முதலில் வேலி. என் ஓட்டு இதற்குத்தான். நிறுத்திவிட்டால் இரவும் பகலும் நிற்கும், யாரும் நினைவு வைத்து இயக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா வேலியும் வேலியாகிவிடாது. மூன்று பக்கம் கம்பி, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர் என்று அமைப்பது வழக்கம். அந்தச் சுவரில் ஒரு கதவு இருந்தால், குழந்தை வருவதும் அந்தக் கதவு வழியாகத்தான். வெளியாட்களைத் தடுக்கும் வேலி அது, வீட்டுக் குழந்தையைத் தடுக்காது. குளத்தை மட்டும் நான்கு பக்கமும் தனியாகச் சுற்றும் வேலிதான் உயிர்களைக் கூடுதலாகக் காக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர் வேண்டும். கம்பிகளுக்கு இடையிலும் அடியிலும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. குறுக்குக் கம்பி கால் வைக்கும் இடத்தில் இருந்தால் அது ஏணிதான். வைர வடிவக் கண்ணி உள்ள கம்பி வலையும் அப்படியே, கண்ணிகள் பிஞ்சுக் கால்விரலுக்குக் கச்சிதமாக இருக்கும். வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதையும் விடாதீர்கள்.

வேலியின் பலவீனம் கேட். அது தானாகவே சாத்திக்கொண்டு, தானாகவே தாழ் விழ வேண்டும். குளத்தின் பக்கம் தள்ளித் திறக்காமல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இதைச் சோதிக்க கேட்டை முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தால் போதாது, அந்த வேகத்தில் எந்தத் தாழும் விழுந்துவிடும். ஒரு சாண் அகலம் மட்டும் திறந்து கையை எடுத்துவிடுங்கள். கீல் துருப்பிடித்திருந்தாலோ தூண் கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, கேட் மெல்ல வந்து தாழைத் தொட்டு, விழாமல் அப்படியே நிற்கும். பார்வைக்குச் சாத்திய மாதிரிதான் இருக்கும், குழந்தையின் ஒரு தள்ளலுக்குத் திறந்துகொள்ளும். அப்புறம், விருந்தாளிகள் வரும் நாளில் கேட்டுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். அந்த நிமிடமே அங்கே வேலி இல்லை என்று அர்த்தம்.

கழற்றி மாட்டும் வலை வேலியும் கிடைக்கிறது. ஏறுவதற்குப் பிடிமானம் இல்லாதது அதன் பலம், கழற்ற முடிவது அதன் பலவீனம்.

அடுத்து மூடி. இந்த ஒரு பெயரில் முற்றிலும் வேறான பொருட்கள் விற்கின்றன, கவனம் தேவை. வெயில் சூட்டைத் தக்கவைக்க மிதக்கவிடும் குமிழ் விரிப்பு பாதுகாப்பு மூடியே அல்ல. சொல்லப்போனால் திறந்த குளத்தைவிட அது மோசம். தரை என்று நினைத்துக் குழந்தை கால் வைத்தால், விரிப்பு உள்வாங்கிச் சுற்றிக்கொள்ளும், மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நிஜமான பாதுகாப்பு மூடி இறுக்கமாகப் பிணைக்கப்பட்டு ஆள் பாரத்தைத் தாங்கும். பொருட்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் தரத்தின்படி சுமார் 220 கிலோ தாங்க வேண்டும், அதாவது இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சேர்ந்த எடை. மேலே மழைநீர் தேங்கினால் வெளியேற்றிவிட வேண்டும், குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து.

தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் மூடி அருமையான பொருள்தான். ஆனால் அதை யாராவது மூட வேண்டுமே! காலையில் நீந்திவிட்டு, "மாலையில் மறுபடி வருவோம்" என்று திறந்தே விடுகிற அந்த இடைவேளையை மூடியால் காக்க முடியாது. அதனால்தான் மூடியை வேலிக்குக் கீழே வைக்கிறேன்.

மூன்றாவது அலாரம். பிரான்ஸில் 2003-ல் வந்த சட்டம் வேலி, மூடி, அலாரம், குளத்தின் மேல் கூரைக்கூடு என்ற நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிறது. ஆஸ்திரேலியாவோ வேலியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. என் மனம் ஆஸ்திரேலியா பக்கம்தான். தண்ணீர் அசைந்ததும் ஒலிக்கும் அலாரம், குழந்தை விழுந்த பிறகுதான் ஒலிக்கிறது. கேட்கும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், ஓடி வர வேண்டும். பலத்த காற்றுக்கும் சில அலாரங்கள் கூவும், சலித்துப்போய் அணைத்துவிடுவார்கள். அலாரம்தான் வாங்குவது என்றால், குளத்துப் பக்கம் போகும் வீட்டுக் கதவில் மாட்டுங்கள். அது குழந்தை தண்ணீரைத் தொடும் முன்பே சொல்லிவிடும்.

நீச்சல் பயிற்சி? கட்டாயம் கொடுங்கள். 1 வயதுக்கு மேல் தொடங்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. ஆனால் உடையோடு, எதிர்பாராமல் விழும் மூன்று வயதுக் குழந்தை வகுப்பில் கற்றதைச் செய்யும் என்று நம்பி வேலியைத் தவிர்க்காதீர்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருட்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது இவை எதுவும் காவல் இல்லை. அப்போது ஒரு ஆள், கை நீட்டினால் தொடும் தூரத்தில், போனை வைத்துவிட்டு இருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை, அதனால் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சிபிஆர் என்னும் உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றிருப்பதும் அவசியம். மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் உடலுக்கு இல்லாமல் போனது ஆக்ஸிஜன்.

ஆக, சொந்த இடம், நிரந்தரக் குளம் என்றால் நான்கு பக்க வேலியில் தொடங்குங்கள், அடுத்து கதவு அலாரம், கையில் மிச்சம் இருந்தால் மூடி. வாடகை வீடு, தரையில் துளை போட முடியாது என்றால் பாதுகாப்பு மூடியும் கதவு அலாரமும் சேர்ந்து இருக்கட்டும். தரைக்கு மேல் நிற்கும் குளத்தில் நீந்தி முடித்ததும் ஏணியை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஃபில்டர் பெட்டியும் படியாகிவிடாத தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைக்கும் சின்னக் குளத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.