பாளையங்கோட்டை ஒப்புரவுப் பயிலரங்கு: ஒரு மதிப்புரை

ஒரு தேசத்தின் பழைய காயங்களை ஆற்றுவதில் திருச்சபைக்கு என்ன பங்கு என்பதைப் பற்றிப் பாளையங்கோட்டையில் நடந்த ஒரு நாள் பயிலரங்கில் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். சபை ஊழியர்களும் ஆசிரியர்களும் அரங்கை நிறைத்திருந்தார்கள்.

காலை அமர்வு தென்னாப்பிரிக்காவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. செலுத்திய கட்டணம் அதற்கே தகும். நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளைப் பற்றிப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் தலைமையில் 1996இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்துபவருக்கே பொதுமன்னிப்பு என்று நிபந்தனை விதித்ததையும், விண்ணப்பித்த 7,112 பேரில் 849 பேருக்கு மட்டுமே அது கிடைத்ததையும் பயிற்றுநர் நிதானமாக விளக்கினார். மன்னிப்பு என்றாலே நடந்ததை மறப்பதுதான் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய நமக்கு இந்த விளக்கம் மிகவும் தேவை. 1997 நவம்பரில் ஈஸ்ட் லண்டன் நகரில் மதச் சமூகங்களே ஆணையத்தின் முன் வந்து அக்காலத்தில் தாங்கள் நடந்துகொண்ட விதத்துக்குக் கணக்குக் கொடுத்தன என்பதும், நிறவெறிக்கு வேத வசனங்களால் நியாயம் கற்பித்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் அவற்றுள் ஒன்று என்பதும் என்னை மிகவும் பாதித்தன. பாதிக்கப்பட்டோருக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்தும், அரசு 2003இல் ஒரே தவணையாக ஒருவருக்கு 30,000 ராண்ட் (அந்நாட்டு நாணயம்) மட்டுமே அறிவித்ததையும் அவர் மறைக்கவில்லை.

பிற்பகல் அமர்வுதான் ஏமாற்றம் அளித்தது. தன் பாவத்தை அறிக்கையிடாத சபை பிறருக்கு ஒப்புரவைப் போதிக்க முடியாது என்று காலையில் அவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள், இதே மாவட்டத்து வடக்கன்குளத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டார்கள். சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்த அவ்வூர்த் திருக்குடும்ப ஆலயத்தின் நடுச்சுவர் 1910இல் குருக்களின் முயற்சியால் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் சுவர் திரும்ப எழவில்லை. சுவரை எழுப்பியதும் திருச்சபை, இடித்ததும் திருச்சபை என்னும்போது, இதைவிடப் பொருத்தமான பாடம் நமக்கு வேறெங்கே கிடைக்கும்? இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி ஒருவர் கேட்டபோது, நேரமில்லை என்று அக்கேள்வியை ஒதுக்கியது சரியன்று.

உணவும் இருக்கை வசதியும் குறைசொல்ல முடியாதவை. கையேடு நல்ல தமிழில் இருந்தது. சபைக் கமிட்டிகளில் பொறுப்பு வகிப்பவர்கள் காலை அமர்வுக்காகவேனும் கட்டாயம் செல்ல வேண்டும். அடுத்த முறை பிற்பகலில் வேன் ஏற்பாடு செய்து எல்லோரையும் வடக்கன்குளத்துக்கே அழைத்துச் செல்லுமாறு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.