கன்டெய்னர் வீடு புக் செய்யப் போகிறவர்கள், பேனல் அடிக்கும் முன் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்

கன்டெய்னர் வீட்டுக்கு அட்வான்ஸ் போடலாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். எங்கள் அப்பாவுக்கு "ஒரிஜினல் ஷிப்பிங் கன்டெய்னர்" என்று சொல்லி விற்கப்பட்ட வீடு ஷிப்பிங் கன்டெய்னரே இல்லை. மெல்லிய தகட்டை மடித்து, ஸ்கொயர் டியூபில் வெல்டிங் வைத்து, உள்ளே பிவிசி பேனல், வெளியே பெயின்ட் அடித்துக் கொடுத்த கேபின். எல்லாம் மூடிவிட்ட பிறகு பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மதுராந்தகம் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் அங்கேயே தங்கி மரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மாவும் வந்து இருக்கிற மாதிரி ஒரு படுக்கையறை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான் ஆசை. செங்கல், மணல், கொத்தனார் கூலி எல்லாம் கேட்டு மலைத்திருந்த நேரத்தில்தான் சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு பட்டறையின் வீடியோ கண்ணில் பட்டது. நேரில் போனோம். காட்டியது உண்மையான கன்டெய்னர்தான், கதவில் நம்பர், தகடு எல்லாம் இருந்தது, தட்டிப் பார்த்தால் கனமான சத்தம். "இதே மாதிரிதான் சார் உங்களுக்கும்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனிலும் 40 அடி, ஹை கியூப் (உயரம் கூடுதலான ரகம்), யூஸ்டு ஷிப்பிங் கன்டெய்னர், 50 மில்லிமீட்டர் ராக்வுல் (சூடு தடுக்கிற கல்நார்ப் பஞ்சு மாதிரியான, பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) என்று தெளிவாகவே எழுதியிருந்தது. 320 சதுர அடி, சதுர அடிக்கு 1,450 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மொத்தம் 5,47,520. பாதி அட்வான்ஸ், 40 சதவீதம் பட்டறையிலிருந்து வண்டி கிளம்பும் முன், மீதி 10 சதவீதம் இறக்கிய பிறகு.

வேலை நடக்கும்போது வந்து பார்க்கிறோம் என்று அப்பா கேட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்கள், பெயின்ட் வேலை நடக்குது, யார்டு மாத்திட்டோம், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. வந்த படங்கள் எல்லாம் உள்ளே பேனல் அடித்த பிறகு எடுத்தவை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெறும் பெட்டியாக இருக்கும்போது காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வீடு வந்த நாளை மறக்க முடியாது. டிரெய்லர் எங்கள் ஊர் ரோட்டில் நிற்கிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, ஹைட்ரா கிரேன் மணிக்கு இவ்வளவு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போன் வருகிறது. "சார், அந்த 10 பர்சென்ட்டையும் போட்டுட்டீங்கன்னா உடனே இறக்கிடுவாங்க. அப்புறம் டிரெய்லர், கிரேன் ரெண்டும் கஸ்டமர் ஸ்கோப், அதுக்கு 38,000." கொட்டேஷனில் டெலிவரி உட்பட என்றுதான் இருந்தது. அப்பா அதைச் சொல்லச் சொல்ல, "அப்படின்னா வண்டியைத் திருப்பிடச் சொல்றேன் சார்" என்கிறார் அந்த ஆள். 70 வயதை நெருங்குகிறவர், ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க, ரோட்டோரம் நின்று ஜிபேயில் பணம் அனுப்பினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அஸ்திவாரம் வேண்டாம், நாலு மூலையில் கான்கிரீட் பெடஸ்டல், அதாவது குட்டைத் தூண், போதும் என்று சொல்லியிருந்தார்கள், அதன்படியே போட்டிருந்தோம். உண்மையான கன்டெய்னருக்கு அது சரிதான். கப்பலில் சரக்கோடு சேர்த்து 30 டன் வரை எடை இருக்கிற பெட்டி, நாலு மூலைகளில்தான் உட்கார்கிறது, அதன் மேல் இன்னும் பல பெட்டிகளை அடுக்குகிறார்கள். எங்களுக்கு வந்தது அந்த நாலு மூலையில் தன் எடையையே தாங்கவில்லை. ஐப்பசி மழை முடிவதற்குள் நடுவில் இருந்த கதவு திறக்கவில்லை, ஜன்னல் ஸ்லைடிங் ஒரு பக்கம் இறுகிப்போனது. உள்ளூர் வெல்டர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடியில் நூல் கட்டிப் பார்த்தார். நடுவில் ஒன்றரை அங்குலம் தொய்ந்திருந்தது. "கன்டெய்னர் இப்படித் தொய்யாதுங்களே" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் ஒரு பேனலைக் கழற்றி, தகட்டில் துளை போட்டு, தடிமன் அளக்கிற வெர்னியரை வைத்தார். பெயின்ட்டோடு சேர்த்து 1.2 மில்லிமீட்டர். உண்மையான கன்டெய்னரில் பக்கத் தகடு 1.6 முதல் 2 மில்லிமீட்டர், கூரை 2 மில்லிமீட்டர், அதுவும் கார்ட்டன் ஸ்டீல், மேலே படியும் துருவே உள்ளே மேற்கொண்டு அரிக்காமல் தடுக்கிற ரகம். இது சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) தகடு. மூலையில் இருந்த கனமான கட்டை மாதிரியான பாகங்களைச் சுத்தியால் தட்டினார், உள்ளே வெறும் காலி, தகட்டைப் பெட்டி மாதிரி ஒட்டி வைத்திருக்கிறார்கள். வெளி உயரத்தை அளந்தோம். ஹை கியூப் என்றால் 9 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும், இது 8 அடி 6.

மேலே சீலிங் பேனலைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. சுவரில் ராக்வுல் இருக்க வேண்டிய இடத்தில் தெர்மோகோல். கூரையில் அதுவும் இல்லை, வெறும் தகடு. மார்கழிக் காலையில் தகட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. அறைக்குள் இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டால் தண்ணீராகத்தான் இறங்கும், அதனால்தான் சீலிங்கில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. சித்திரையில் எப்படி இருந்தது என்று சொல்லவே வேண்டாம், அம்மா பகலில் உள்ளே போகவே இல்லை. தெர்மோகோல் வெறும் சூடு விஷயம் மட்டும் இல்லை, தீப்பிடித்தால் உருகி எரிந்து கரும்புகையைக் கக்கும். சமையல் மேடைக்குப் பின்னாலும் அதையே வைத்திருந்தார்கள். ராக்வுல் எரியாது, அதற்காகத்தான் அதைக் கேட்டோம்.

போன் செய்தோம். முதலில் "மார்க்கெட்ல எல்லாரும் இதைத்தான் சார் கன்டெய்னர் ஹவுஸ்னு சொல்றாங்க", அடுத்த தடவை "இது கஸ்டமைஸ்டு கன்டெய்னர்", அதன்பிறகு எடுப்பதே இல்லை. டெலிவரி முடிந்து ரொம்ப நாள் கழித்து வந்த பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் "போர்ட்டபிள் கேபின்" என்று இருக்கிறது! கொட்டேஷனில் ஒன்று, பில்லில் வேறொன்று. தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

கேபின் வாங்குவது தப்பு இல்லை. 1.2 மில்லிமீட்டர் தகட்டில் நல்ல ஃப்ரேமோடு கேபின் செய்து, கேபின் என்றே சொல்லி, கேபின் விலைக்கு விற்கிற நேர்மையான பட்டறைகள் இருக்கின்றன. கன்டெய்னர் என்று சொல்லிக் கன்டெய்னர் விலை வாங்குவதுதான் மோசடி.

வாங்குகிறவர்கள் பெட்டியின் நம்பரைக் கேளுங்கள். உண்மையான ஒவ்வொரு ஷிப்பிங் கன்டெய்னருக்கும் நாலு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட நம்பர் உண்டு, சரக்குப் பெட்டியில் நாலாவது எழுத்து எப்போதும் 'யூ'. கதவில் ரிவெட் அடித்த சிஎஸ்சி தகடு (பெட்டியின் பாதுகாப்புச் சான்றுத் தகடு) இருக்கும், தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச எடை, எவ்வளவு அடுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயின்ட் அடித்தால், கதவைக் கழற்றினால் இதெல்லாம் போய்விடும் என்பது உண்மைதான், அதனால் அதற்கு முன்பே நம்பரோடு படம் எடுத்து, அந்த நம்பரைக் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். தரையின் மர பிளைவுட் 28 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து அடித்திருப்பார்கள், என்ன மருந்து என்ற விவரமும் பொதுவாகத் தகட்டுப் பகுதியிலேயே இருக்கும். குழந்தைகள் தவழ்கிற வீடு என்றால் அந்தத் தரையை மாற்றிவிடுவது நல்லது. சுங்க விஷயமும் இருக்கிறது. சரக்கோடு வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் வரி இல்லாமல் உள்ளே விடுகிறார்கள், அப்படி வந்ததை இங்கேயே விற்கும்போது வரி கட்டிய தாள் இருக்க வேண்டும். அதன் நகலையும் வாங்கி வையுங்கள்.

சதுர அடிக் கணக்கு வெளி அளவில் போடுவார்கள். 8 அடி அகலம் என்பது உள்ளே 7 அடி 8 அங்குலம், இரண்டு பக்கமும் இன்சுலேஷன், பேனல் போனால் 7 அடிக்குக் கொஞ்சம் மேலே. கட்டில் போட்டால் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தரையில் சாக்பீஸில் கோடு போட்டுப் பாருங்கள். அனுமதி தேவையில்லை, தற்காலிக அமைப்பு என்று சொல்வதையும் நம்பாதீர்கள், நிரந்தரமாகத் தங்கப் போவதாக இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே பட்டறை இப்போது "நிலத்தடி கன்டெய்னர் வீடு, ஏசி தேவையில்லை" என்று விளம்பரம் போட ஆரம்பித்திருக்கிறது. பள்ளம் தோண்டிப் பெட்டியை இறக்கி மேலே மண் போட்டுப் புல் வளர்க்கலாமாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கன்டெய்னர் எடை தாங்குவது மூலைத் தூண்களில்தான், கூரையிலோ பக்கச் சுவரிலோ இல்லை. கூரைக்கு வைக்கிற சோதனையே இரண்டடிக்கு ஓரடி இடத்தில் 300 கிலோ, அதாவது மேலே ஏறி வேலை செய்கிற ஆட்களுக்காக. 20 அடிப் பெட்டியின் மேல் ஓரடி மண் போட்டால் ஏழு, எட்டு டன். பக்கச் சுவர் உள்ளேயிருந்து சரக்கு தள்ளுவதைத் தாங்கச் செய்தது, மழையில் ஊறிய மண் வெளியிலிருந்து நெருக்கினால் உள்வாங்கிவிடும். உண்மையான பெட்டிக்கே இந்த நிலைமை, இவர்கள் விற்கிற 1.2 மில்லிமீட்டர் கேபினை மண்ணுக்குள் இறக்கி அதற்குள் ஒரு குடும்பம் தூங்கினால் உயிர் போகும். பூமிக்கடியில்தான் வீடு வேண்டுமென்றால் சுற்றிலும் கான்கிரீட் தடுப்புச் சுவர், வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் வெளியேற வழி என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைந்து கொடுக்க வேண்டும், அதற்கு ஆகிற செலவில் இது மலிவு வீடாகவே இருக்காது.

இரும்பு வீடு என்பதால் எர்த்திங்கையும் மின்கசிவு இருந்தால் உடனே கரண்ட்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியையும் உங்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே சரிபாருங்கள். எங்களுக்கு எர்த் வயர் பாதியிலேயே நின்றிருந்தது.

இப்போதைக்கு அடியில் இரண்டு ஐ-பீம் கொடுத்து, நடுவில் இன்னும் நாலு பெடஸ்டல் எழுப்பி, கூரைக்கு மேலே இடைவெளி விட்டுப் பைப்பில் ஓலைக் கூரை போட்டிருக்கிறோம். ஓலை போட்ட பிறகு சூடு நன்றாகவே குறைந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதுவரை வாட்ஸ்அப் சாட், கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள், ரிப்பேர் செய்யும் முன் அளவு டேப்பும் வெர்னியரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவிடுங்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டதே அந்த வீடியோவையும் அறிக்கையையும்தான்.