செப்சிஸ் சிகிச்சை: பட்டியலா, எண்ணிக்கையா, எச்சரிக்கை மென்பொருளா?

நோய்த்தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடலின் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்துவிடும் நிலையைத்தான் செப்சிஸ் என்கிறோம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் பெரியவர்கள் இதற்கு ஆளாகிறார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. சீக்கிரம் கண்டுபிடித்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிழைப்பவர் தொகை கூடும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு மருத்துவமனை அதைச் சரிவரச் செய்கிறதா என்பதை எந்தத் தரவைக் கொண்டு அறிவது என்பதில்தான் வேறுபாடு. அங்கே நடைமுறையில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: சிகிச்சைப் படிகளைப் பட்டியலிட்டு, நோயாளியின் கோப்போடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்வது, மின்னணுப் பதிவுகளிலிருந்து நோயாளிகளையும் இறப்புகளையும் எண்ணுவது, நோய் முற்றுவதற்கு முன்பே கட்டிலருகே எச்சரிக்கை எழுப்புவது.

பட்டியல் வழி சட்டமாகியது நியூயார்க் மாநிலத்தில். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கையில் சிராய்ப்பு ஏற்பட்ட ரோரி ஸ்டான்டன் என்னும் 12 வயதுச் சிறுவன், அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 2012 ஏப்ரலில் செப்சிஸால் இறந்தான். அவனுடைய பெற்றோரின் போராட்டத்தால் 2013-இல் வந்த விதிகள், ஒவ்வொரு மருத்துவமனையும் செப்சிஸுக்கான நெறிமுறையை எழுதி மாநிலத்திடம் ஒப்புதல் பெற வேண்டும், ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் அனுப்ப வேண்டும் என்றன. அப்படிச் சேர்ந்த தரவின் மேல் 2017-இல் வெளியான ஆய்வில், 149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளிடையே, மூன்று மணி நேரப் பட்டியலை (ரத்தத்தில் கிருமியைத் தேடும் ‘ரத்தக் கல்ச்சர்’, திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் பரிசோதனை, ஆன்டிபயாடிக்) முடிக்க ஆன ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் இறப்புக்கான வாய்ப்பு விகிதத்தைச் சுமார் 4 சதவீதம் கூட்டியது தெரிந்தது. ஆன்டிபயாடிக் தாமதத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நரம்பு வழித் திரவத்தை ஏற்றி முடிப்பதில் ஆன தாமதத்துக்கோ அத்தகைய தொடர்பு இல்லை. பட்டியலில் உள்ள எல்லாப் படிகளும் சம எடை கொண்டவை அல்ல என்பதை அந்தத் தரவே காட்டிவிட்டது.

விதிகளால் உயிர்கள் பிழைத்தனவா என்பதை இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு ஆய்வு, அத்தகைய விதி இல்லாத நான்கு மாநிலங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. நியூயார்க்கில் செப்சிஸ் நோயாளிகளின் இறப்பு 26.3 சதவீதத்திலிருந்து 22.0 ஆகவும், மற்ற மாநிலங்களில் 22.0-இலிருந்து 19.1 ஆகவும் குறைந்திருந்தது. குறைவின் பெரும்பகுதி விதி இல்லாத இடங்களிலும் நடந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் நியூயார்க்கின் சரிவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

அதே பட்டியல் வழியை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது, அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அமைப்பான மெடிகேர் 2015 அக்டோபரில் தொடங்கிய ‘செப்-1’ அளவீடு. இதன் விதிகளை அருகிருந்து பார்த்தால்தான் தணிக்கையாளரின் பாடு புரியும். தொற்று இருப்பதற்கான குறிப்பு, காய்ச்சல் அல்லது நாடித் துடிப்பு போன்ற அறிகுறிகளில் இரண்டு, ஓர் உறுப்பாவது பழுதுபட்டதற்கான சான்று ஆகிய மூன்றும் ஆறு மணி நேரத்துக்குள் அமைந்திருக்க வேண்டும். அவற்றில் கடைசியானது நிறைவேறிய நிமிடமே ‘பூஜ்ய நேரம்’. அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் லாக்டேட் பரிசோதனை, ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுத்த ரத்தக் கல்ச்சர், ஆன்டிபயாடிக்; லாக்டேட் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 2-ஐத் தாண்டினால் ஆறு மணி நேரத்துக்குள் மறுபரிசோதனை. ரத்த அழுத்தம் சரிந்தாலோ, லாக்டேட் 4-ஐத் தொட்டாலோ உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி திரவம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 லிட்டர். இவற்றில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் பூஜ்யம். இருபதே நிமிடத்தில் சரியான ஆன்டிபயாடிக் பெற்று நலமாக வீடு திரும்பியவரும், லாக்டேட் மறுபரிசோதனை பத்து நிமிடம் பிந்தியிருந்தால், கணக்கில் தோல்விதான். 114 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான கட்டுரையில், செப்-1 வந்தபின் லாக்டேட் பரிசோதனை கூடியது; இறப்பு விகிதம் மாறவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அது 2026 நிதியாண்டிலிருந்து மருத்துவமனைகளுக்கான பணப்பட்டுவாடாவோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டுமே பட்டியல்கள் என்றாலும், நியூயார்க்கின் ஏற்பாடே மேல் என்பது என் கணிப்பு. நோயாளியின் நிலைக்கேற்பச் சரிசெய்த இறப்பு விகிதத்தையும் அது சேர்த்தே கணக்கிட்டதால், பட்டியலை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்க அங்கே வழி குறைவு.

இறப்பை எண்ணுவது என்றால் யாரை எண்ணுவது என்ற கேள்வி உடனே எழும். எளிய வழி பில்லிங் குறியீடுகள், அதாவது கட்டணம் கோருவதற்காக நோயைக் குறித்து எழுதும் குறியீடுகள். அவை தயாராக இருக்கின்றன, செலவில்லை. அவற்றை நம்பக் கூடாது என்பதற்கு 2017-இல் 409 மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 2009 முதல் 2014 வரை, குறியீடுகளின்படி செப்சிஸ் நோயாளிகள் ஆண்டுக்கு 10.3 சதவீதம் பெருகினார்கள், இறப்பு விகிதம் ஆண்டுக்கு 7 சதவீதம் சரிந்தது. அதே மருத்துவமனைகளின் ஆய்வக, மருந்துப் பதிவுகளைப் பார்த்தால் நோயாளிகள் பெருகவே இல்லை. மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்பு ஆண்டுக்கு 3.3 சதவீதமே குறைந்தது, இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்தால் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. லேசான நோயாளிகளுக்கும் செப்சிஸ் என்று குறியீடு எழுதத் தொடங்கினால், யாரும் எதையும் மாற்றாமலேயே இறப்பு விகிதம் அழகாக இறங்கும். ஆண்டறிக்கையில் அந்த வரைபடத்தைப் போட்டுக்கொள்ளும் நிர்வாகங்களுக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018-இல் வகுத்த கண்காணிப்பு வரையறை இதற்கு மாற்று. ரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட்டு, புதிதாகத் தொடங்கிய ஆன்டிபயாடிக் நான்கு நாள் தொடர்ந்து, கூடவே சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் இரட்டிப்பாவது, வென்டிலேட்டரில் வைப்பது, ரத்த அழுத்த மருந்து தொடங்குவது போன்ற ஒன்று நிகழ்ந்திருந்தால் அவர் கணக்கில் சேர்வார். கணினியே எண்ணிவிடும், எழுதுபவரின் விருப்பத்துக்கு இடமில்லை. குறையும் உண்டு: கல்ச்சர் எடுக்கும் பழக்கம் குறைவாக உள்ள மருத்துவமனையில் செப்சிஸும் குறைவாகவே தெரியும். நான்கு நாள் கழிந்த பிறகே எண்ண முடியும் என்பதால், படுத்திருக்கும் நோயாளிக்கு அதனால் பயனில்லை.

அந்த நோயாளிக்காகத்தான் எச்சரிக்கை முறைகள். பிரிட்டனில் செவிலியர்கள் மூச்சு, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகியவற்றைக் குறித்து ‘நியூஸ்2’ என்னும் மதிப்பெண் போடுகிறார்கள். 2024 ஜனவரியில் திருத்திய தேசிய வழிகாட்டுதலின்படி, தொற்று சந்தேகம் உள்ளவருக்கு மதிப்பெண் 7-ஐ எட்டினால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், 5 அல்லது 6 என்றால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் ஆன்டிபயாடிக் பற்றி முடிவெடுக்க வேண்டும். ஆபத்துக்கேற்ப அவகாசம் தரும் இந்த ஏற்பாடு, எல்லோருக்கும் ஒரே கெடு வைக்கும் செப்-1-ஐவிட நிதானமானது. தேவையற்ற ஆன்டிபயாடிக்கையும் கட்டுப்படுத்தும்.

மென்பொருள்களின் கதை இருவேறு விதம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் கணிப்பானைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை எழுப்பியும், செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘டிரூஸ்’ என்னும் எச்சரிக்கை முறையிலோ, ஐந்து மருத்துவமனைகளில் எச்சரிக்கையை மருத்துவர் மூன்று மணி நேரத்துக்குள் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு, அப்படிச் செய்யாதவர்களைவிட ஒப்பீட்டளவில் 18.7 சதவீதம் குறைவு. இது சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை அன்று. உடனே திரும்பிப் பார்க்கும் மருத்துவர் மற்ற வகையிலும் கவனமானவராக இருந்திருக்கக் கூடும். ஆனாலும் மருத்துவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற அமைப்பில்தான் டிரூஸின் வலு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கையில் பணம் குறைவாக உள்ள மருத்துவமனைக்கு என் தேர்வு, வார்டில் நியூஸ்2 போன்ற மதிப்பெண், விளைவுக்குக் கண்காணிப்பு வரையறைப்படியான எண்ணிக்கை, செப்சிஸில் இறந்த ஒவ்வொருவரின் கோப்பையும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் உட்கார்ந்து படிப்பது. மென்பொருளை வாங்கியே தீர வேண்டுமென்றால், எச்சரிக்கை ஒலியை அணைத்துவைத்து, சொந்த நோயாளிகளின் மேல் சில மாதம் ஓடவிட்டு, எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்று பார்த்த பிறகே வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் தனி நேரம் ஒதுக்கப்பட்ட ஆள் வேண்டும். நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் எடுத்த கணக்கில், 73 சதவீத மருத்துவமனைகளில் செப்சிஸ் குழு இருந்தது, குழுத் தலைவருக்கு அந்த வேலைக்கென்று நேரம் ஒதுக்கியவை 55 சதவீதம்தான்.