மூணு தண்ணி ஊத்தின அம்மைக்கு நெகட்டிவ் ரிப்போர்ட்

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் போகிறது, பேங்க் வேலை முடிந்தது, அதையெல்லாம் விடுங்கள். என் வயிற்றெரிச்சல் ஒரே ஒரு ரத்த டெஸ்ட்.

லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும், சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று கேட்டார்கள். அங்கேயே வளர்ந்தவர்கள் 'சின்ன வயசில் வந்தது' என்று சொன்னால் பெரும்பாலும் போதும். நம்மைப் போல வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வாய்வார்த்தை போதாது, ரத்தத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் நம் பக்கம் அம்மை போடாமலேயே பெரியவர்களாகிவிடுகிறவர்கள் அதிகமாம். அங்கே அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் தள்ளித்தான். ஊருக்குத்தானே போகிறோம், காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் என்று கணக்குப் போட்டேன்.

லேப் கவுன்டர் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அம்மை டெஸ்டா? கொப்புளம் எங்கக்கா?" முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தது என்றேன். "அப்போ இப்ப எதுக்கு?" சீட்டை நீட்டினேன், ஏதோ தட்டினான். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு. கேட்டால், இந்த டெஸ்டை எலைசா என்கிற முறையில் செய்கிறார்களாம், அதற்கான பிளேட்டில் 96 குழி இருக்கிறதாம், ஒரு ஆளுக்காக ஓட்ட மாட்டார்களாம். கல்மண்டபம் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும்.

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது: வேரிசெல்லா (சின்னம்மைதான்) ஐஜிஎம், நெகட்டிவ். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வேப்பிலை மேல படுக்க வெச்சு, வீட்ல தாளிக்காம சமைச்சு, மூணு தண்ணி ஊத்தினவ நானு. நெத்தியில தழும்பு இருக்கு. இவன் யாரு இல்லேன்னு சொல்ல?"

அம்மா பக்கம்தான் நியாயம். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடிகள். ஐஜிஎம் என்பது அம்மை போட்ட சமயத்தில் ரத்தத்தில் தலைகாட்டிவிட்டு, சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும். வருஷக்கணக்கில் தங்குவது ஐஜிஜி. நான் கொடுத்த சீட்டில் இருந்ததும் ஐஜிஜிதான். "ரெண்டும் ஒண்ணுதான்கா" என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்குத் தலைக்கேறிவிட்டது. லண்டனில் மூன்று வாரம் காக்க வைப்பார்கள், ஆனால் சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அரை மணி நேரம் கத்தினேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் என் அம்மைக் கதை மனப்பாடம்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு டெக்னீஷியன் அம்மா வந்தார். சீட்டை வாங்கி ஒரே பார்வை. "ஜி கேட்டிருக்காங்க, நீ எம் போட்டிருக்கே." அவ்வளவுதான். மறுபடி பில் போடவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தி, அவரே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டார். அம்மா காபி கொடுத்தாள். இது மட்டும் லண்டனில் நடக்காது.

என் மகனுக்கும் பார்த்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன், அவனுக்கு லண்டனில் காசு கட்டி சின்னம்மை ஊசி இரண்டு டோஸ் போட்டிருக்கிறோம். வேண்டாம் என்றார். "ஊசி போட்டவங்களுக்கு இந்தக் கிட்ல சில நேரம் நெகட்டிவ் காட்டும்மா. ரெண்டு டோஸ் போட்ட அட்டையை வெச்சுக்கோ, போதும்." காசு வருகிற டெஸ்டை வேண்டாம் என்று சொன்ன லேப் ஆளை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அப்புறம் படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஊசியால் வருகிற ஆன்டிபாடி, அம்மை போட்டு வருவதைவிடக் குறைவாக இருக்கும், சாதாரண எலைசா கிட் அதைத் தவறவிடலாம். ஃபாமா என்று ஒரு முறை இருக்கிறது, அது கண்டுபிடித்துவிடும், ஆனால் வைரஸ் தொற்றிய செல்களை வளர்த்து, ஒளிரும் சாயத்தோடு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தெருமுனை லேபில் நடக்கிற காரியமில்லை.

ஐஜிஜி பாசிட்டிவ், எண்ணோடும் யூனிட்டோடும் வந்தது. அம்மா ஜெயித்துவிட்டாள். ஆனால் ரிப்போர்ட்டில் என் பெயருக்கு இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. ஃபிளைட் ஏறுகிற அன்று காலை பத்து மணிக்கு மறுபடி அதே கவுன்டர், அதே பையன்.